அடுத்த வீட்டு வினை

மார்ச் பிறந்து மே முடிகிறவரை எங்கள் ஊரில் ஒரு பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கும். "சாமி காப்பாத்திடுச்சு." டொர்னேடோ என்கிற சுழல்காற்று நாலு தெரு தள்ளிப் போனாலும் இதுதான், ஹார்பெத் ஆற்று வெள்ளம் வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாலும் இதுதான், முறிந்த மரம் காரின் மேல் விழாமல் புல்தரையில் விழுந்தாலும் இதுதான். தெருவிலிருக்கும் அமெரிக்கர்களும் தங்கள் தேவனின் பேரால் இதையேதான் சொல்கிறார்கள். பயம் தெளிந்த நெஞ்சிலிருந்து வருகிற பேச்சு. அதில் பொய் கிடையாது. ஆனாலும் என் வாயில் அது வருவதில்லை. நாலு தெரு தள்ளிப் போன காற்று அங்கே ஒரு கூரையின் மேல் இறங்கியிருக்கிறது. என்னைக் காப்பாற்றியது சாமியென்றால், அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவரை சாமி என்ன செய்தது?

நான் சாமி கும்பிடுகிறவள். சீர்காழியில் பிறந்து, தேவாரம் கேட்டு வளர்ந்து, இப்போது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரின் மேற்குப்புறமான பெல்வியூவில் இருக்கிறேன். ஸ்ரீ கணேசா கோயில் இருப்பதும் இந்தப் பக்கத்தில்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால் மேலே கேட்ட கேள்வி ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் இல்லை. கும்பிட்டுக்கொண்டே இதற்குப் பதில் தேட வேண்டும்.

இங்கே வசந்தம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறும். மேற்கிலிருந்து வறண்ட காற்று அதற்கு மேலே வந்து சேரும். உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறினால் மேகம் மொத்தமாகச் சுழலத் தொடங்கும். ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் முதலில் 'வாட்ச்' கொடுக்கும். இந்தப் பக்கமெல்லாம் டொர்னேடோ உருவாக வாய்ப்பிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று அர்த்தம். ரேடாரில் சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் பார்த்துச் சொன்னாலோ, உள்ளூர் வானிலை அலுவலகம் 'வார்னிங்' கொடுக்கும். இனி யோசிக்க நேரமில்லை, ஒதுங்கிவிட வேண்டும். வாட்ச் என்றால் மணிக்கணக்கில் அவகாசம். வார்னிங் என்றால் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். வெள்ளத்துக்கும் இப்படியே வாட்ச், வார்னிங் என்று இரண்டு படி. டென்னசியில் ஏறத்தாழ பாதி டொர்னேடோக்கள் இருட்டிய பிறகு வருகின்றன. 2020 மார்ச் 2 இரவிலும் 3 அதிகாலையிலும் வந்த காற்றில் 25 பேர் இறந்தார்கள். அதில் 19 பேர் எங்களுக்குக் கிழக்கே பட்னம் கவுண்டியில். ஊரே தூங்குகிற நேரம்.

அந்த 19 பேரைப் பற்றி விதி, வினை, தேவ சித்தம் என்றெல்லாம் பேசினார்கள். பேசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். காரணமில்லாமல் ஒரு சாவு நடந்தது என்பதை மனது தாங்காது, அதனால் ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. இதில் பெரியவர்களே இடறியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் பூகம்பம். தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்கிற பாவத்துக்கு இறைவன் கொடுத்த தண்டனை இது என்று தாம் நினைப்பதாகச் சொன்னார். தாகூரால் பொறுக்க முடியவில்லை. தீண்டாமையை வெறுப்பதில் அவர் காந்திக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் பூமிக்குள் நடக்கிற பௌதிக நிகழ்ச்சியை மனிதரின் ஒழுக்கக் கணக்கோடு முடிச்சுப் போடுவது தவறு, அது மக்களிடம் ஏற்கெனவே இருக்கிற அறியாமைக்கு உரம் போடும் என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தம்முடைய 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார்.

நான் இதில் தாகூர் பக்கம். தீண்டாமைக்குத் தண்டனை என்றால், பீகாரில் இடிந்த சுவருக்கடியில் தீண்டாமையை அனுபவித்தவர்களும்தானே கிடந்திருப்பார்கள்? அந்தத் தண்டனைக்கு என்ன நியாயம்? ஆனால் காந்தியிடம் ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. 'அவர்கள் செய்த பாவம்' என்று அவர் பேசவில்லை. தம்மையும் சேர்த்துக்கொண்டு 'நாம் செய்த பாவம்' என்றார். இன்னொருவரின் அழிவைப் பார்த்துத் தன்னைக் கேட்டுக்கொண்டார். அந்தத் திருப்பத்தில் ஏதோ இருக்கிறது என்று வெகுநாளாக எனக்குத் தோன்றிவந்தது.

பக்கத்து மாநிலமான அலபாமாவில் நடந்த ஒன்றை எங்கள் பகுதியில் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். 1994 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. பீட்மான்ட் ஊருக்குப் பக்கத்தில் கோஷன் யுனைடெட் மெதடிஸ்ட் தேவாலயம். காலை ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது டொர்னேடோ நேராகக் கட்டடத்தின் மேல் வந்தது. கூரை பறந்து சுவர் சாய்ந்தது. 20 பேர் அங்கேயே போய்விட்டார்கள். அந்தச் சபையின் போதகர் கெல்லி கிளெம் என்ற பெண்மணி. இறந்தவர்களில் அவருடைய நான்கு வயது மகளும் ஒருத்தி. தேவனைத் தொழுதுகொண்டிருந்த இடத்திலேயே, அதுவும் புனித வாரம் தொடங்குகிற நாளில் இப்படியா என்று நாடே கேட்டது. அந்தத் தாய் அடுத்த ஞாயிறு, ஈஸ்டர் விடியற்காலையில், இடிந்த தேவாலயத்தின் முன்னால் சபையைக் கூட்டி ஆராதனை நடத்தினார். ஏன் என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாமலே நடத்தினார். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்கு அளவில்லை.

அதே நாளைப் பற்றி இன்னொரு கேள்வியும் இருந்தது. காற்று வந்து சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே வார்னிங் வெளியாகியிருந்தது. அது தேவாலயத்துக்குள் இருந்தவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த அல் கோர் நேரில் வந்து பார்த்துப் போனார். வானிலை வானொலி எட்டாத பகுதிகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 'கடவுள் ஏன் செய்தார்' என்ற கேள்வி ஒரு ஊரை அழ வைத்தது. 'நமக்கு ஏன் கேட்கவில்லை' என்ற கேள்வி ஒலிபரப்புக் கோபுரங்களைக் கட்ட வைத்தது. முதல் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். வெளியிலிருந்து பார்க்கிற நாம் அதற்குப் பதில் சொல்லக் கிளம்புவதுதான் தப்பு.

பைபிளில் வரும் யோபுவின் கதை இந்தத் தப்பைப் பற்றியதுதான். கிறிஸ்தவப் பள்ளியில் படித்தபோது நீதிபோதனை வகுப்பில் கேட்ட கதை. அதில் காற்று வருகிறது என்பதை இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன். யோபுவின் பிள்ளைகள் மூத்தவன் வீட்டில் விருந்துண்ணும்போது வனாந்தரத்திலிருந்து பெருங்காற்று வந்து வீட்டின் நாலு மூலையிலும் மோதுகிறது. வீடு விழுந்து எல்லோரும் சாகிறார்கள். தப்பித்த ஒரே ஒருவன் ஓடிவந்து செய்தி சொல்கிறான். அதற்குப் பிறகு நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். பிறகு பேச ஆரம்பிக்கிறார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், உன் பிள்ளைகள் ஏதோ செய்திருப்பார்கள், காரணமில்லாமல் இப்படி வராது என்கிறார்கள். கடைசியில் கடவுள் பேசுகிறார், அதுவும் ஒரு பெருங்காற்றுக்குள்ளிருந்து. யோபுவுக்கும் அவர் காரணம் சொல்வதில்லை. ஆனால் அந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். தம்மைப் பற்றி அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கி அத்தனை அத்தியாயம் பேசியவர்கள்மேல் கடவுளுக்கே கோபம். பிள்ளைகளைக் கொன்றதும் காற்று, கடவுள் பேசியதும் காற்றுக்குள்ளிருந்து என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

சரி, அது அவர்கள் வேதம், நம் சமயம் வினைக் கணக்கில்தானே நிற்கிறது, அங்கே என்ன சொல்வாய் என்று கேட்பீர்கள். எனக்கு அந்தப் பதில் ஒரு ராத்திரியில் என் அம்மாவிடமிருந்து கிடைத்தது.

2025 ஏப்ரல் தொடக்கம். வளைகுடாவின் ஈரக்காற்றும் வடக்கின் குளிர்காற்றும் சந்தித்த எல்லைக்கோடு நகராமல் ஆர்கன்சாவிலிருந்து கென்டக்கிவரை அப்படியே நின்றுவிட்டது. புயல் மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நிலத்தின் மேல் ஓடின. ஏப்ரல் 2 முதல் 6 வரை மெம்ஃபிஸ் நகரில் மட்டும் ஏறக்குறைய 14 அங்குல மழை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பல மாநிலங்களில் இறந்தார்கள். கென்டக்கியில் காலையில் பள்ளிப் பேருந்துக்கு நடந்துபோன ஒரு சிறுவனைத் தண்ணீர் இழுத்துப் போயிற்று.

எங்களுக்கு அந்த முதல் ராத்திரியே டொர்னேடோ வார்னிங். ஊருக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் இங்கே பல வீடுகளில் பாதாள அறை கிடையாது. எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஜன்னலில்லாத ஒரு சாமான் அறை இருக்கிறது. அதில் ஊருக்குப் போகிற பெட்டிகள், பழைய கிரைண்டர், கொலு பொம்மைகள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். அவற்றின் நடுவில் அம்மாவும் நானும் என் மகனும். மகன் தலையில் சைக்கிள் ஹெல்மெட். எல்லோரும் ஷூ போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதிமுறை. வீடு இடிந்தால் கண்ணாடியும் ஆணியும் கிடக்கிற தரையில்தான் வெளியேற வேண்டும். அம்மா ஒப்பவே இல்லை.

"பொம்மை இருக்கிற எடத்துல செருப்புக் காலோடயா? போடி."

"அம்மா, வெளியில ஓட வேண்டி வந்தா?"

"வந்தா அப்ப போட்டுக்கிறேன்." ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே சைரன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. "போயிடுச்சு போல" என்று அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன், ஏனென்றால் என் கைபேசியில் வார்னிங் இன்னும் முடிந்திருக்கவில்லை. எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்ததில் நகரத்தின் சில சைரன்களுக்கு பேட்டரியே தீர்ந்துபோயிற்று என்று மறுநாள் செய்தி வந்தது. சத்தம் ஓய்ந்ததற்கும் ஆபத்து ஓய்ந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த இருட்டில் அம்மா திருநீலகண்டப் பதிகம் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் சொல்கிற பதிகம் அது. எங்கள் ஊர்ப் பிள்ளையான ஞானசம்பந்தர் பாடியது. அவர் கொங்கு நாட்டுக்குப் போய்த் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களுக்கெல்லாம் குளிர்சுரம் கண்டது, அதைத் தீர்க்கவே இதைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட பதிகம்தான். ஆனால் அன்றைக்கு, காதுக்குப் பக்கத்தில் மெதுவாக அம்மா சொன்னபோதுதான், அது எப்படித் தொடங்குகிறது என்பது எனக்கு உறைத்தது. செய்த வினைக்கு வந்த வினை என்று நோயைக் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பவர்களைப் பார்த்துத்தான் சம்பந்தர் முதலில் பேசுகிறார். உய்ய வழி தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்கிறார். கையால் தொண்டு செய்து இறைவனைப் போற்றுவோம் என்கிறார். இரண்டாம் பாட்டிலேயே சோலை வைப்பதும் குளம் வெட்டுவதும் வந்துவிடுகின்றன. காய்ச்சலில் கிடக்கிற கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர் குளம் வெட்டுவதைப் பாடுகிறார்! வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உட்காருவதை மட்டும் அவர் ஏற்கவில்லை.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கும். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவத்துக்கு வந்திருப்பது பிராரத்தம், இந்த நொடியில் நான் புதிதாகச் செய்துகொண்டிருப்பது ஆகாமியம். பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிற விஷயம். இதை வைத்து நான் வந்து சேர்ந்த இடம் இது. என் வீடு இடிந்தால் அதை என் பிராரத்தம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். என் கசப்பைக் கரைத்துக்கொள்ள, யார் மேலும் பழி போடாமல் மறுபடி எழுந்து நிற்க, அந்தக் கொள்கை எனக்குத் துணை. ஆனால் அடுத்த வீடு இடிந்து கிடக்கும்போது அவருடைய பிராரத்தம் என்னவென்று என்னால் அறியவே முடியாது. அங்கே எனக்குத் தெரிகிற வினை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு நான் இப்போது என்ன செய்கிறேன் என்கிற என் ஆகாமியம். அவர் வினையை நான் பேசினால் அந்தப் பேச்சும் என் ஆகாமியத்தில்தான் ஏறும், அதுவும் தீவினையாக. திருநெல்வேலியில் காந்தி தம்மையே கேட்டுக்கொண்டதில் இருந்த உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். வினை என்பதைத் தன்மையில் மட்டுமே பேச வேண்டும். படர்க்கையில் பேசினால் அது யோபுவின் நண்பர்கள் பேச்சாகிவிடும்.

அடுத்த வீட்டுக்காரருக்கு நான் செய்ய வேண்டியதில் முதலாவது, எனக்குத் தெரிந்த ஆபத்தை அவருக்குத் தெரிவிப்பது. பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி ஒரு காவற்காரனைப் பற்றிப் பேசுகிறார். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்தால் செத்தவர்களின் இரத்தப்பழி அவன் மேல். அவன் ஊதியும் கேளாதவனின் பழி கேளாதவன் தலையிலேயே. இந்தக் காவற்காரன் வேலை எவ்வளவு கஷ்டமானது என்று இந்த நாட்டின் வானிலைக்காரர்களைப் பார்த்தால் தெரியும். 1884ஆம் வருடம் மார்ச் முதல் மே வரை ஜான் ஃபின்லி என்ற ராணுவ சிக்னல் படை அதிகாரி 2803 முன்கணிப்புகள் செய்தார். டொர்னேடோ வரும் என்று 100 தடவை சொன்னார், 28 தடவை வந்தது. வராது என்று அவர் சொன்னதில் 23 தடவை வந்துவிட்டது. மீதி 2680 தடவை வராது என்றார், வரவில்லை. மொத்தமாக 96.6 சதவீதம் சரி என்றார் ஃபின்லி. கில்பர்ட் என்ற நிலவியலாளர் திருப்பிக் கேட்டார்: எல்லா நாளும் 'வராது' என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்குமே?

இந்தக் கணக்கை நான் வகுப்பில் போர்டில் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு யாராவது ஒரு பிள்ளை அந்த 28 என்ன ஆச்சு என்று கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை அடுத்த கணக்குக்குப் போக மாட்டேன். வாய் மூடி இருப்பவன் எப்போதும் அதிக மதிப்பெண் வாங்குவான். எச்சரிக்கிறவன் பல தடவை பொய்யனாக நிற்க வேண்டும். ஃபின்லிக்குப் பிறகு பல பத்தாண்டுகள் 'டொர்னேடோ' என்ற சொல்லையே முன்கணிப்பில் சொல்லாமல் தவிர்த்தார்கள், ஜனங்கள் பீதியடைவார்கள் என்று. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் துணிந்து அந்தச் சொல்லைச் சொன்னார்கள். அன்று மாலையே காற்று வந்தது. இன்றைக்கும் நான்கு வார்னிங்கில் ஏறக்குறைய மூன்றில் டொர்னேடோ வராமல் போகிறது. ஒவ்வொரு தடவையும் சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு எதுவும் நடக்காமல் வெளியே வரும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று தடவை என்னை எழுப்பியவர், பொய்யனாக நிற்கச் சம்மதித்துத்தான் எழுப்பியிருக்கிறார். அது எனக்குச் செய்த தொண்டு.

எசேக்கியேல் சொன்னதில் பாதியோடு எனக்கு உடன்பாடு. மற்றப் பாதி, கேட்டும் போகாதவனின் பழி அவன் தலையில் என்பது, அவ்வளவு சுலபமாக இல்லை. கேட்டவருக்குப் போக இடம் வேண்டாமா? அமெரிக்காவில் வீட்டுக்குள் இருந்து டொர்னேடோவில் இறப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் மொபைல் ஹோம் என்கிற தகரப் பெட்டி மாதிரி வீடுகளில் இருந்தவர்கள். அங்கே எந்த மூலையில் ஒதுங்கினாலும் பிரயோஜனமில்லை. வாட்ச் வந்தபோதே வேறு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வேறு வீடு யார் கொடுப்பது?

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவில் எல் ரினோ அருகே இறங்கிய டொர்னேடோவின் அகலம் 4 கிலோமீட்டருக்கும் மேல். அதற்குப் பதினொரு நாள் முன்னால்தான் மூர் நகரில் 24 பேர் இறந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் பள்ளிக்கூடத்தில் இருந்த குழந்தைகள். அந்தப் பயம் யாருக்கும் நீங்கியிருக்கவில்லை. மே 31 மாலையில் ஓக்லஹோமா நகரில், ஒதுங்க வேறு இடமில்லாத சிலர் பிள்ளைகளோடு மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிப் பதுங்கினார்கள். காற்றுக்கு அது சரியான புகலிடம், பூமிக்கு அடியில் இருக்கிறது. ஆனால் அதே புயல் மழையையும் கொட்டியது. வடிகால் நிரம்பி அவர்களை அடித்துக்கொண்டு போயிற்று. அன்றைக்கு அங்கே காற்றில் இறந்தவர்களைவிட வெள்ளத்தில் இறந்தவர்கள் அதிகம்.

டொர்னேடோ வார்னிங், கீழே போ என்கிறது. வெள்ள வார்னிங், மேலே போ என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தெருவுக்கு வருவது எங்கள் பக்கத்தில் அபூர்வமில்லை. 2025 ஏப்ரலில் பல ஊர்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்த வடிகாலுக்குள் இறங்கியவர்கள் எச்சரிக்கையைக் கேட்டார்கள், மதித்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு தகப்பனும் தாயும் செய்ய வேண்டிய அத்தனையும் செய்தார்கள். அவர்கள் வினையைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்கு நாக்கு எழாது. அவர்கள் தலையில் பழி இல்லை. காவற்காரன் தலையிலும் இல்லை. பழி எங்கேயாவது இருக்கிறதென்றால், அந்தத் தெருவில் உறுதியான அறையுள்ள வீடுகளின் கதவுகளில் இருக்கிறது. அவை சாத்தியிருந்தன என்று நான் சொல்லவில்லை. தட்டலாம் என்று அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

'சாமி காப்பாத்திடுச்சு' என்பதற்குப் பதிலாக எனக்குள் இப்போது வருவது நன்றிதான், ஆனால் அது கடன்பட்ட நன்றி. எனக்கு மிச்சமான நாள் அடுத்த வீட்டுக்காரருக்கு நான் கொடுக்க வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்டி, சாமிதான் உன்ன அனுப்புது" என்பார். அவர் வாயிலிருந்து வரும்போது அது ஒன்றாகவே இருக்கிறது, மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

மார்ச், ஏப்ரலில் ஊரிலிருந்து பெற்றோர்கள் நிறையப் பேர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க இங்கே வந்திருப்பார்கள். பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக இருப்பார்கள். கைபேசி அலறினால் அதில் வரும் ஆங்கிலம் பலருக்குப் புரியாது. சைரன் கேட்டால் என்ன சத்தம் என்று பார்க்க வாசலுக்கு வந்து நிற்பார்கள். அதனால் வாட்ச் வந்ததுமே தமிழில் பேசி எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போடுகிறேன். ஷூ, கண்ணாடி, மாத்திரை டப்பா, சார்ஜர் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள், சத்தம் வந்தால் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத நடு அறைக்குப் போங்கள், சத்தம் நின்றாலும் நான் சொல்கிறவரை வெளியே வராதீர்கள். இரண்டு வார்னிங்கும் சேர்ந்து வந்தால், முதலில் காற்றுக்கு ஒதுங்குங்கள், காற்று தாண்டியதும் தண்ணீரைக் கவனித்து மேட்டுக்குப் போங்கள், வடிகாலுக்கும் தண்ணீர் புகுகிற பாதாள அறைக்கும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

போன வசந்தத்தில் தென்காசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பியிருந்தார். "எங்க வீட்டுல கீழ் ரூமு ஒண்ணு இருக்கும்மா. ஆனா மழை பெஞ்சா சுவத்துல தண்ணி கசியுது. அங்க போலாமா, வேண்டாமா?" கைபேசியில் பதில் சொல்கிற கேள்வி இல்லை அது. வாரக்கடைசியில் அவர் மகனிடம் சொல்லிவிட்டு நேரில் போய்ப் பார்த்தோம். அறை பாதிக்கு மேல் தரைக்கு அடியில், பின்பக்கம் ஓடை, சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழைய ஈரக்கறை. அந்த அறை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்கு மேலே தரைத்தளத்தில் குளியலறைக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத துணி அறை ஒன்று இருந்தது. அதிலிருந்த காலிப் பெட்டிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் கராஜுக்கு மாற்றி, பெரியவர் கால் நீட்டி உட்கார ஒரு தாழ்வான நாற்காலி போட்டோம். வெளிச்சத்துக்கு ஒரு டார்ச். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாவிடம் அவரை அறிமுகப்படுத்தி, பெரியவர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.